டி.டி. ஊசி வந்த கதை



இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படியுங்கள். கடைசியில் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அதற்காகத்தான் எழுதவே ஆரம்பித்தேன். ஆனால் கதை தெரியாமல் வேண்டுகோளை மட்டும் சொன்னால் அது மனதில் நிற்காது. முப்பது வருஷத்துக்கு மேல் வகுப்பறையில் நின்றவளுக்கு இது நன்றாகத் தெரியும்.

நம் ஊர்ப்பக்கம் யாருக்குக் காலில் முள் குத்தினாலும், கரும்பு வெட்டும்போது கத்தி பட்டாலும், பைக்கில் விழுந்து முட்டி தேய்ந்தாலும் முதலில் வரும் கேள்வி "டி.டி. போட்டாச்சா?" என்பதுதான். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட இந்த இரண்டு எழுத்தைச் சரியாகச் சொல்வார். முதல் டி என்றால் டெட்டனஸ், அதாவது ரண ஜன்னி. இரண்டாவது டி என்ன? டாக்ஸாய்டு. அதன் பொருளைக் கேட்டால் படித்தவர்களும் யோசிப்பார்கள்.

தடுப்பூசி என்றால் செத்த கிருமி அல்லது பலவீனமான கிருமி என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். டி.டி. இரண்டிலும் சேராது. அதில் கிருமியே கிடையாது. கிருமி உண்டாக்கும் நஞ்சைத் தனியாக எடுத்து, அதன் நச்சுத்தன்மையை மட்டும் போக்கி, உருவத்தை அப்படியே வைத்திருக்கிறார்கள். பல் பிடுங்கிய பாம்பு என்று சொல்கிறோமே, அதேதான். அந்தப் பல்லைப் பிடுங்கக் கற்றுக்கொள்ள மனிதகுலத்துக்குச் சுமார் 40 வருஷம் ஆனது.

வில்லாக வளைக்கும் நோய்

ரண ஜன்னி புது நோய் இல்லை. கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் இதை விவரித்திருக்கிறார். நம் நாட்டு வைத்தியத்தில் இதற்குத் தனுர்வாதம் என்று பெயர். தனுசு என்றால் வில். முதலில் தாடை இறுகி வாய் திறக்க முடியாமல் போகும். பிறகு கழுத்து, முதுகு, வயிறு என்று ஒவ்வொரு தசையாக விறைக்கும். உடம்பு பின்பக்கமாக வில் போல வளையும். ஒரு சின்னச் சத்தம், ஒரு வெளிச்சம், யாராவது தொடுவது போதும், வலிப்பு வந்துவிடும். இதில் கொடுமை என்னவென்றால் நோயாளிக்கு நினைவு தெளிவாக இருக்கும். கடைசியில் மூச்சு விடும் தசைகளும் இறுகிவிடும்.

காயம் பட்டு மூன்று நாள் முதல் மூன்று வாரத்துக்குள் இது தொடங்கும். பெரும்பாலும் ஒரு வாரம் கழித்துத்தான் தெரியவரும். அதற்குள் காயமே ஆறியிருக்கும். அதனால்தான் அந்தக் காலத்தில் காயத்தையும் ஜன்னியையும் இணைத்துப் பார்க்க ஜனங்களால் முடியவில்லை. பேய் அறைந்தது, காற்று பட்டது என்றெல்லாம் சொன்னார்கள்.

தோட்டத்து மண்

1884-ல் ஜெர்மனியில் ஆர்தர் நிக்கோலாயர் என்ற இளம் மருத்துவர் சாதாரணத் தோட்டத்து மண்ணை எடுத்து எலி, முயல் போன்றவற்றின் தோலுக்கு அடியில் வைத்தார். அவற்றுக்கு ஜன்னி கண்டது. நோய் எங்கிருந்தோ வரவில்லை, நாம் மிதித்து நடக்கும் மண்ணிலேயே இருக்கிறது என்பது அப்போதுதான் வெளிவந்தது.

அந்தக் கிருமியைத் தனியாகப் பிரித்து வளர்ப்பது சுலபமாக இல்லை. 1889-ல் பெர்லினில் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் இருந்த ஜப்பானியர் கிட்டசாட்டோ ஷிபாசாபுரோ ஒரு வழி கண்டார். கலவையை 80 டிகிரி வரை சூடு செய்தார். மற்ற கிருமிகள் செத்தன. ரண ஜன்னிக் கிருமி மட்டும் விதை போலக் கெட்டியான ஓட்டுக்குள் உயிரோடு இருந்தது. அதை ஆக்சிஜன் படாமல் வளர்த்தார், அது பெருகியது. இதனால் இரண்டு விஷயம் தெரிந்தது. இந்தக் கிருமியின் விதை வெயிலுக்கும் சூட்டுக்கும் லேசில் சாகாது. காற்றுப் புகாத ஆழமான காயம் கிடைத்தால் அது முளைத்துவிடும்.

மாட்டுச் சாணம், குதிரைச் சாணம், எரு போட்ட வயல், தெருப்புழுதி எல்லாவற்றிலும் இந்த விதை உண்டு. வெள்ளாற்றங்கரை வயலில் வெறுங்காலோடு இறங்குகிற நமக்கு இதைவிட நெருக்கமான நோய் வேறு இல்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். "துருப்பிடித்த ஆணி குத்தினால்தான் ஜன்னி வரும்" என்று நினைக்கிறோம். துருவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்த ஆணி மண்ணில் கிடந்தது, ஆழமாகக் குத்தியது, அவ்வளவுதான். துரு இல்லாத கருவேல முள்ளும் அதே வேலையைச் செய்யும்.

முல்கோவால் பாட்டில்

மண் எவ்வளவு எளிதாக உள்ளே வந்துவிடும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு துயரச் சம்பவம் உண்டு. பம்பாயில் பிளேக் பரவியபோது வால்டிமர் ஹாஃப்கின் என்ற விஞ்ஞானி பிளேக் தடுப்பூசி தயாரித்து, 1897-ல் முதலில் தனக்கே போட்டுப் பார்த்தார். அது நாடெங்கும் லட்சக்கணக்கானோருக்குப் போடப்பட்டது. 1902 அக்டோபர் 30 அன்று பஞ்சாபில் முல்கோவால் என்ற கிராமத்தில் 107 பேருக்கு ஊசி போட்டார்கள். அவர்களில் ஒரே பாட்டிலிலிருந்து போட்டுக்கொண்ட 19 பேர் ரண ஜன்னி கண்டு இறந்தார்கள்.

பழி ஹாஃப்கின் மேல் விழுந்தது. பதவியிலிருந்து விலக்கப்பட்டார். பாட்டிலைத் திறந்த இடத்தில்தான் தவறு நேர்ந்திருக்க வேண்டும் என்று பல விஞ்ஞானிகள் வாதாடினார்கள். கிராமத்தில் பாட்டில் திறக்கும்போது இடுக்கி தரையில் விழுந்ததையும், சரியாகச் சுத்தம் செய்யாமல் அதையே மறுபடி பயன்படுத்தியதையும் எடுத்துச் சொன்னார்கள். மலேரியாவுக்காக நோபல் பரிசு பெற்ற ரொனால்டு ராஸ் அவருக்காகப் பத்திரிகையில் எழுதினார். 1907-ல் ஹாஃப்கின் குற்றமற்றவர் என்று முடிவானது. பிற்பாடு 1925-ல் அந்தப் பம்பாய் ஆய்வகத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். தரையில் விழுந்த ஒரு கருவி, 19 உயிர். மண் என்றால் சும்மா இல்லை.

குதிரையின் ரத்தம்

கிருமி காயத்திலேயேதான் இருக்கிறது, உடம்பெங்கும் பரவுவதில்லை. பிறகு ஏன் முழு உடம்பும் விறைக்கிறது? கிருமி ஒரு நஞ்சைக் கசியவிடுகிறது. அந்த நஞ்சு நரம்பு வழியாக ஏறித் தண்டுவடத்துக்குப் போகிறது. நம் தசைக்கு இரண்டு வகைக் கட்டளை போகும்: ஒன்று "சுருங்கு", இன்னொன்று "போதும், தளர்". இந்த நஞ்சு "போதும்" என்கிற கட்டளையை அறுத்துவிடுகிறது. பிரேக் பிடுங்கிய வண்டிபோலத் தசை இறுகிக்கொண்டே போகும். நரம்பு முனையில் எந்தப் புரதத்தை இந்த நஞ்சு வெட்டுகிறது என்பதை 1992-ல் இத்தாலி விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள்.

1890-ல் கிட்டசாட்டோவும் எமில் பெஹ்ரிங்கும் சேர்ந்து ஓர் உண்மையை வெளியிட்டார்கள். மிருகத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இந்த நஞ்சைப் பழக்கினால் அதன் ரத்தத்தில் நஞ்சை முறிக்கும் பொருள் உண்டாகிறது. அந்த ரத்தத்தின் தெளிந்த நீரை, அதாவது சீரத்தை, எடுத்து வேறு ஒரு உயிருக்குப் போட்டால் அதையும் காக்கிறது. தொண்டை அடைப்பான் என்கிற டிப்தீரியாவுக்கும் இதே வழி பலித்தது. டிப்தீரியா அந்தக் காலத்தில் குழந்தைகளின் எமன். தொண்டையில் சாம்பல் நிறத் தோல் படர்ந்து மூச்சை அடைத்துவிடும். 1901-ல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு பெஹ்ரிங்குக்குக் கிடைத்தது இதற்காகத்தான்.

குதிரையிடமிருந்து நிறைய ரத்தம் எடுக்கலாம் என்பதால் குதிரைகளை வளர்த்துச் சீரம் எடுத்தார்கள். முதல் உலகப் போரில் அடிபட்ட வீரர்களுக்கு இதைத்தான் போட்டார்கள். உங்களில் மூத்தவர்களுக்கு ஏ.டி.எஸ். ஊசி நினைவிருக்கும். தோலில் துளி போட்டு, தடிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முழு ஊசி போடுவார்கள். அது இந்தக் குதிரைச் சீரம்தான்.

ஆனால் இதில் இரண்டு குறை. குதிரைப் புரதம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஒத்துக்கொண்டாலும் சில வாரத்தில் கரைந்து போகும். இரவல் நகை மாதிரி, திருப்பிக் கொடுத்தே ஆகவேண்டும். அதோடு ஆபத்தும் உண்டு. 1901-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜிம் என்ற குதிரைக்கே ரண ஜன்னி வந்திருந்தது. அது தெரியாமல் அதன் சீரத்தை டிப்தீரியா நோயாளிகளுக்குப் போட்டதில் 13 குழந்தைகள் இறந்தார்கள். தடுப்பு மருந்துத் தயாரிப்பைக் கட்டுப்படுத்தும் சட்டம் அடுத்த வருஷமே அங்கே வந்தது.

பல் பிடுங்கிய நாள்

நம் உடம்பே சொந்தமாக முறிப்பானைத் தயாரிக்க வேண்டும். அதற்கு நஞ்சைக் காட்டியாக வேண்டும். காட்டினால் ஆள் செத்துவிடுவான். ரண ஜன்னி நஞ்சு எவ்வளவு கொடியது தெரியுமா? 60 கிலோ எடையுள்ள ஒருவரைக் கொல்ல ஒரு கிராமில் கோடியில் ஒன்றரைப் பங்கு போதும். உப்புக்கல்லில் ஒரு துணுக்குகூட இல்லை.

இந்த முடிச்சு அவிழ்ந்தது கொஞ்சம் தற்செயலாக. லண்டனில் வெல்கம் ஆய்வகத்தில் அலெக்சாண்டர் கிளென்னி என்பவர் டிப்தீரியா நஞ்சோடு வேலை செய்துகொண்டிருந்தார். ஒரு தொகுதி நஞ்சு மட்டும் வீரியமே இல்லாமல் இருந்தது. காரணம் தேடினால், அதை வைத்திருந்த பெரிய கலங்களை ஃபார்மலின் போட்டுக் கழுவியிருந்தார்கள். நம் விருத்தாசலத்துப் பீங்கான் ஊறுகாய் ஜாடியைக் கழுவிச் சரியாகக் காயவைக்காவிட்டால் ஊறுகாய் கெட்டுப்போகுமே, அதுபோலக் கலத்தில் ஒட்டியிருந்த ஃபார்மலின் நஞ்சைக் கெடுத்துவிட்டது. ஆனால் கெட்டுப்போன அந்த நஞ்சு மிருகங்களுக்கு எதிர்ப்பு சக்தியை நன்றாகவே தந்தது.

அதே சமயம் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் கஸ்தோன் ரமோன் என்ற கால்நடை மருத்துவர் குதிரைகளோடு வேலை செய்துகொண்டிருந்தார். நஞ்சில் சிறிது ஃபார்மலின் சேர்த்து, உடம்புச் சூட்டில் சுமார் ஒரு மாதம் வைத்திருந்தால் நஞ்சு முழுவதும் செயலிழக்கிறது, ஆனால் உடம்பு அதை அடையாளம் கண்டுகொள்கிறது என்று 1923-ல் முறையாக நிறுவினார். அதற்கு அனடாக்ஸின் என்று பெயரிட்டார். ஆங்கிலத்தில் அது டாக்ஸாய்டு ஆனது. டிப்தீரியாவை அடுத்து ரண ஜன்னிக்கும் அதே முறையில் டாக்ஸாய்டு வந்தது.

ஃபார்மலின் செய்வது இதுதான்: நஞ்சு ஒரு புரதம். அதன் கைகால்களை ஃபார்மலின் ஒன்றோடொன்று கட்டிப்போடுகிறது. அதனால் வெட்ட முடியாது, ஆனால் உருவம் மாறாது. நம் ரத்த வெள்ளணுக்கள் அந்த உருவத்தைப் பார்த்து அதற்குப் பொருந்தும் ஆன்டிபாடியைச் செய்து பழகுகின்றன. சில அணுக்கள் அதை வருஷக்கணக்கில் நினைவில் வைத்துக்கொள்கின்றன.

ரமோன் பெயர் நோபல் பரிசுக்கு 155 முறை பரிந்துரைக்கப்பட்டது. ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை.

ஜவ்வரிசியும் படிகாரமும்

ரமோனின் இன்னொரு கவனிப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். ஊசி போட்ட இடத்தில் வீங்கிக் கட்டியான குதிரைகளுக்கு எதிர்ப்பு சக்தி அதிகமாக இருப்பதைப் பார்த்தார். அப்படியானால் வேண்டுமென்றே கொஞ்சம் உறுத்தினால் என்ன என்று யோசித்தார். ரொட்டித்தூள், ஜவ்வரிசி தயாரிக்கிற மரவள்ளி மாவு இதையெல்லாம் கலந்து போட்டுப் பார்த்தார். பலித்தது! பிறகு 1926-ல் கிளென்னி குழுவினர் படிகாரம் சேர்த்தால் இன்னும் நன்றாக வேலை செய்கிறது என்று கண்டார்கள். ஆமாம், கலங்கல் தண்ணீரைத் தெளியவைக்கப் போடுகிற, சலூனில் முகத்தில் தேய்க்கிற அதே படிகாரம். இன்றைக்கும் டி.டி. போன்ற ஊசிகளில் அலுமினிய உப்பு சேர்க்கிறார்கள். ஊசி போட்ட கை இரண்டு நாள் வலிப்பதும் தடிப்பதும் இதனால்தான். உடம்பு பாடம் படிக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பெரிய தேர்வு இரண்டாம் உலகப் போரில் நடந்தது. அமெரிக்க ராணுவம் வீரர்கள் எல்லோருக்கும் டாக்ஸாய்டு போட்டது. காயத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் 27 லட்சத்துக்கும் மேல். ரண ஜன்னி வந்தவர்கள் 12 பேர். அதிலும் பாதிப்பேர் ஊசியே போடாதவர்கள் அல்லது முழுமையாகப் போடாதவர்கள்.

ஒன்பதாம் நாள்

போர் வீரர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு நம் வீட்டுப் பிரசவ அறைக்கு வர இன்னும் முப்பது நாற்பது வருஷம் ஆனது.

எங்கள் உறவில் மூத்தவர்களுக்குத் தெரியும், எனக்கு முன்னால் என் அம்மாவுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. வீட்டில்தான் பிரசவம். பிறந்து ஒரு வாரம் நன்றாகப் பால் குடித்தது. பிறகு வாய் இறுகிப் பால் குடிக்க முடியாமல் போனது. ஒன்பதாம் நாள் போய்விட்டது. "ஜன்னி கண்டுடுச்சு" என்று மட்டும் அம்மா சொல்வார். தான் ஏதோ குளிர்ந்ததைச் சாப்பிட்டதால் வந்தது என்று கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தார். டீச்சர் டிரெயினிங் முடித்து வந்த பிறகு, அது தொப்புள்கொடி வழியாக வந்த ரண ஜன்னி என்று நான் விளக்கினேன். "அப்ப என் மேல தப்பு இல்லையா?" என்று கேட்டார். அம்மாவின் தலைமுறையில் எத்தனை தாய்மார்கள் இந்தப் பாரத்தைச் சுமந்தார்களோ.

கொடியை அரிவாளாலோ பழைய பிளேடாலோ அறுப்பது, அதன்மேல் சாம்பலோ சாணமோ வைப்பது அன்றைய வழக்கம். கிருமிக்கு அதைவிட நல்ல வாசல் கிடையாது. 1988-ல் உலகம் முழுவதும் சுமார் 7,87,000 பச்சிளங்குழந்தைகள் இதனால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. இந்தியாவில் மட்டும் வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் முதல் இரண்டு லட்சம் குழந்தைகளுக்கு இந்நோய் வந்த காலம் இருந்தது.

இதற்கு விடை, தாய்க்கு ஊசி போடுவது. 1961-ல் நியூ கினியாவில் கர்ப்பிணிகளுக்கு டாக்ஸாய்டு போட்டுப் பார்த்ததில், தாயின் ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்க் காப்பாற்றுவது உறுதியானது. இந்தியாவில் 1978-ல் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டமும், 1985-ல் எல்லா மாவட்டங்களையும் எட்டும் திட்டமும் வந்தன. குழந்தைகளுக்கு முத்தடுப்பு ஊசி, கர்ப்பிணிகளுக்கு டி.டி. ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வரப்பில் நடந்துவந்த கிராம சுகாதார செவிலியர்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், புது பிளேடு கொடுத்தார்கள். பிறகு பிரசவம் முழுவதும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் மாறியது. 2015-ல் தாய்க்கும் பச்சிளங்குழந்தைக்கும் வரும் ரண ஜன்னியை இந்தியா நீக்கிவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. எந்த மாவட்டத்திலும் ஆயிரம் பிரசவத்துக்கு ஒன்றுகூட இல்லை என்பது அதன் பொருள்.

குன்னூர்

இந்த ஊசி மருந்தில் ஒரு பங்கு நம் தமிழ்நாட்டிலேயே தயாரானது. குன்னூரில் உள்ள பாஸ்டர் நிலையம் 1907-ல் வெறிநாய்க்கடி மருந்துக்காகத் தொடங்கப்பட்டது. பிற்காலத்தில் முத்தடுப்பு ஊசியும் அங்கே தயாரிக்கப்பட்டு நாடெங்கும் போனது. ஊட்டி சுற்றுலா போகும்போது பிள்ளைகளுக்கு வெளியிலிருந்தே அந்தக் கட்டடத்தைக் காட்டியிருக்கிறேன்.

2008 ஜனவரியில், நவீனத் தயாரிப்பு விதிகளுக்கு ஏற்ப இல்லை என்று குன்னூர், கசௌலி, கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம் ஆகிய மூன்று அரசு நிறுவனங்களின் உரிமத்தையும் மத்திய அரசு நிறுத்திவைத்தது. பெரிய விவாதம் நடந்தது. 2010 பிப்ரவரியில் நிறுத்தம் விலக்கப்பட்டது. ஜிம் குதிரையின் கதையும் முல்கோவால் கதையும் தெரிந்தவர்கள் தர விதிகள் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் நூறு வருஷ அனுபவமுள்ள இடத்தை மூடாமலேயே பழுதுபார்த்திருக்கலாம் என்பது என் எண்ணம். வேறு கருத்து இருப்பவர்கள் எழுதுங்கள்.

பழைய ஊசி, புது வேலை

நூறு வயதான டாக்ஸாய்டு இன்று இன்னொரு வேலையும் செய்கிறது. நிமோனியா, மூளைக்காய்ச்சல், டைபாய்டு உண்டாக்கும் சில கிருமிகள் சர்க்கரைப் பொருளாலான போர்வை போர்த்தியிருக்கும். இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையின் உடம்புக்கு அந்தப் போர்வையை அடையாளம் தெரியாது. டாக்ஸாய்டையோ நன்றாகத் தெரியும். அதனால் அந்தச் சர்க்கரையை டாக்ஸாய்டோடு பிணைத்துக் கொடுக்கிறார்கள். தெரிந்தவரோடு சேர்ந்து வந்த புது ஆளையும் நாம் முகம் பார்த்து வைத்துக்கொள்வோம் அல்லவா, அந்த உத்தி.

புனே சீரம் நிறுவனம் ரண ஜன்னி டாக்ஸாய்டோடு பிணைத்துச் செய்த மூளைக்காய்ச்சல் தடுப்பூசி 2010-ல் ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோவில் தொடங்கி லட்சோப லட்சம் பேருக்குப் போடப்பட்டது. ஒரு டோஸ் அரை டாலருக்கும் கீழே. ஐதராபாத் பாரத் பயோடெக் 2013-ல் கொண்டுவந்த டைபாய்டு ஊசியும் இதே வகை. நிமோனியா தடுப்பூசிகளில் சி.ஆர்.எம்.197 என்ற பொருள் வருகிறது. அதுவும் டிப்தீரியா நஞ்சுதான், ஆனால் ஃபார்மலினே தேவையில்லை. மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் பிறக்கும்போதே பல் இல்லாத பாம்பு அது.

நம் பிள்ளைகளுக்கு வருவோம். முத்தடுப்போடு மஞ்சள் காமாலை பி, ஹிப் கிருமி இரண்டும் சேர்ந்த ஐந்து நோய்த் தடுப்பூசி 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் தொடங்கியது. 2019 முதல் டி.டி.க்குப் பதிலாக டி.டி. வந்திருக்கிறது! சிரிக்காதீர்கள். பழையதில் இரண்டும் ஆங்கிலப் பெரிய எழுத்து, டெட்டனஸ் டாக்ஸாய்டு. புதியதில் இரண்டாவது சின்ன எழுத்து, அது டிப்தீரியா. பெரியவர்களுக்கு அளவைக் குறைத்துக் கொடுப்பதால் சின்ன எழுத்து. சிறுவயதில் போட்ட டிப்தீரியா பாதுகாப்பு மெல்ல மெல்லக் குறைவதால் இந்த மாற்றம். சோவியத் நாடு சிதறிய பிறகு 1990-களில் அங்கே ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் டிப்தீரியா வந்தது. 2016-ல் பக்கத்து மலப்புரத்தில் பதின்வயதுப் பிள்ளைகள் அதனால் உயிரிழந்தார்கள்.

இந்த நோய் மட்டும் ஏன் வேறு?

இங்கேதான் முக்கியமான விஷயம். பெரியம்மையை ஒழித்துவிட்டோம். போலியோவை நாட்டைவிட்டு விரட்டிவிட்டோம். ரண ஜன்னியை ஒருநாளும் ஒழிக்க முடியாது. ஏனென்றால் அது ஆளிடமிருந்து ஆளுக்கு வருவதில்லை, மண்ணிலிருந்து வருகிறது. ஊரில் 99 பேர் ஊசி போட்டிருந்தாலும் போடாத நூறாவது ஆளை அவர்களால் காப்பாற்ற முடியாது. மற்ற தடுப்பூசியில் பக்கத்து வீட்டுக்காரர் தயவில் தப்பிக்கலாம். இதில் அவரவர் பாதுகாப்பு அவரவருக்கு.

இன்னொன்று. அம்மை வந்து பிழைத்தவருக்கு மறுபடி அம்மை வராது. ரண ஜன்னி வந்து பிழைத்தவருக்கு மறுபடியும் வரலாம். கொல்லும் அளவே மிகச் சிறியது. உடம்பு பாடம் கற்க அது போதாது. இயற்கை கற்றுத்தராத இந்தப் பாடத்தை டாக்ஸாய்டு மட்டும்தான் கற்றுத்தரும். அதற்கும் திருப்புதல் தேர்வு உண்டு. அதைத்தான் பூஸ்டர் என்கிறோம்.

"அடிபட்டால் போட்டுக்கொள்ளலாமே" என்கிறீர்களா? முன்பே முறையாகப் போட்டவருக்கு அது நினைவூட்டல், வேகமாக வேலை செய்யும். வாழ்நாளில் ஒருமுறையும் போடாதவருக்கு அடிபட்ட அன்று போடும் ஊசி காக்கத் தொடங்கப் பல நாள் ஆகும். அவருக்குத் தயாராக உள்ள ஆன்டிபாடி ஊசியும் சேர்த்து வேண்டியிருக்கும். அதனால் டாக்டரிடம் "இதற்கு முன் போட்டதே இல்லை" என்று வாய்திறந்து சொல்லவேண்டும். எதிர்ப்பக்கத்தில், சின்னக் கீறலுக்கெல்லாம் ஆறு மாதத்துக்கொரு முறை போட்டுக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். முழுமையாகப் போட்டவர்களுக்கு அது தேவையில்லை. தேதியைக் குறித்துவைத்தால் போதும்.

என் வேண்டுகோள்

நம் குடும்பங்களை யோசித்துப் பாருங்கள். அறுபது வயது அம்மாக்களில் பலர் பிள்ளை பெற்றபோதாவது டி.டி. போட்டிருப்பார்கள். அப்பாக்கள்? 1978-க்கு முன் பிறந்த ஆண்களில் எத்தனை பேர் மூன்று ஊசி முழுமையாகப் போட்டிருப்பார்கள்? அவர்கள்தான் இன்றும் வயலில் இறங்குகிறார்கள், கரும்பு வெட்டுகிறார்கள், மாட்டுக்கொட்டகை கூட்டுகிறார்கள். சர்க்கரை நோயால் காலில் ஆறாத புண்ணோடு இருப்பவர்களும் அவர்கள்தான்.

ஆகவே மூன்று காரியம் செய்யுங்கள்.

ஒன்று, பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். ஆறு, பத்து, பதினான்கு வாரம். பிறகு ஒன்றரை வயது, ஐந்து வயது. பிறகு 10 வயது, 16 வயது. ஐந்து வயதுக்குப் பிறகுதான் எல்லோரும் கோட்டைவிடுகிறோம்.

இரண்டு, பள்ளியில் 10 வயதுக்கும் 16 வயதுக்கும் ஊசி போட வரும்போது பிள்ளையை அன்றைக்கு வீட்டில் நிறுத்தாதீர்கள். ஊசி நாளன்று வகுப்பில் பாதி பெஞ்சு காலியாக இருந்ததை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்தவர்கள் சிலர் இப்போது இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள்!

மூன்று, இந்த வாரமே வீட்டில் உள்ள அப்பா, மாமா, சித்தப்பா, தாத்தாவிடம் "கடைசியாக எப்போது போட்டீர்கள்?" என்று கேளுங்கள். ஞாபகம் இல்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ உங்கள் டாக்டரிடமோ அழைத்துப்போய், முதலிலிருந்து போடவேண்டுமா, பூஸ்டர் போதுமா என்று கேளுங்கள். நாற்று நடவும் கரும்பு வெட்டும் தொடங்குமுன் போய்வந்துவிட்டால் நல்லது.

கேட்டுப் பார்த்துவிட்டு என்ன பதில் வந்தது என்று கீழே எழுதுங்கள். பத்துப் பேராவது "டீச்சர், அப்பாவை அழைத்துப் போனேன்" என்று எழுதினால் இந்தப் பதிவுக்கு நான் முழு மதிப்பெண் போட்டுக்கொள்வேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
சேத்தியாத்தோப்பு